தாயம் உருட்டும் கணிப்பொறி

சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவனை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. "உடனே சி.டி. ஸ்கேன் எடுங்கள்" என்கிறார் மருத்துவர். பெரிய வளையம் போன்ற கருவிக்குள் அவன் தலை நுழைகிறது. சில வினாடிகளில் மூளையின் படங்கள் திரையில் வந்து நிற்கின்றன. மண்டைக்குள் இரத்தக் கசிவு இல்லை. எல்லாருக்கும் நிம்மதி.

அவனுடைய அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்கிறார்: "இது எக்ஸ்-கதிர் ஆயிற்றே! பிள்ளையின் மூளைக்குள் எவ்வளவு போயிருக்கும்?"

நியாயமான கேள்வி. காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால் வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் கதிரை அளக்கும் கருவியை மூளைக்குள் யார் கொண்டுபோய் வைப்பது? கல்லீரலுக்குள் வைக்க முடியுமா? எலும்பு மச்சைக்குள் வைக்க முடியுமா? அளக்க முடியாத ஓர் அளவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அதற்கு உதவியது நாம் திண்ணையில் உட்கார்ந்து ஆடும் தாயம் போன்ற ஒரு விளையாட்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அன்று முதல் மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் நிழல்களைத்தான். முன்னால் இருக்கும் எலும்பும் பின்னால் இருக்கும் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழும். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு இதற்கு ஒரு வழி கண்டார். எக்ஸ்-கதிர்க் குழலை உடலைச் சுற்றிலும் நகர்த்திப் பல கோணங்களில் கதிரைச் செலுத்தினார். எந்தத் திசையில் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என்பதைக் கணிப்பொறியிடம் கொடுத்தார். அது கணக்குப் போட்டு உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தந்தது. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிப் பார்ப்பது போல! லண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1ஆம் நாள் முதல் நோயாளிக்கு இப்படிப் படம் எடுக்கப்பட்டது. இதற்கான கணித அடிப்படையைத் தனியாக வகுத்திருந்த கார்மக் என்பவருக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல கோணங்களிலிருந்து கதிர் பாய்ச்சினால் படம் தெளிவாகும். ஆனால் உடலுக்குள் செல்லும் கதிரும் கூடும். பிரிட்டனில் 1980களின் இறுதியில் கணக்கெடுத்தபோது, மொத்த எக்ஸ்-கதிர்ப் பரிசோதனைகளில் சி.டி. ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் அத்தகைய பரிசோதனைகளால் மக்கள் பெற்ற மொத்தக் கதிர்வீச்சில் அதன் பங்கு சுமார் 20 விழுக்காடு!

கதிரின் அளவை 'கிரே' என்ற அலகால் சொல்கிறார்கள். ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி கிரே. ஒரு தலை ஸ்கேனில் மூளை பெறுவது பொதுவாகச் சில பத்து மில்லி கிரே. அதை 50 என்றே வைத்துக் கொள்வோம். இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் மூளையின் வெப்பநிலை எவ்வளவு உயரும் தெரியுமா? ஒரு டிகிரியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு! ஒரு வாய் காப்பி குடித்தால் உடலில் சேரும் வெப்பம் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அப்படியானால் ஏன் பயப்பட வேண்டும்? காப்பியின் வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவாகப் பங்கிடப்படுகிறது. எக்ஸ்-கதிரோ தன் ஆற்றலை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இடங்களில் கொட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு மரபணு இழை இருந்தால் அது அறுந்து போகலாம். பெரும்பாலான அறுபட்ட இழைகளைச் செல்லே ஒட்டிக் கொள்ளும். எப்போதாவது ஒன்று தவறாக ஒட்டிக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்து அது புற்றுநோயாகத் தலைதூக்கக்கூடும். ஆகவே அளவு தெரிய வேண்டும். அதுவும் உறுப்பு உறுப்பாகத் தெரிய வேண்டும்.

திரையில் தெரியும் எண்

ஸ்கேன் முடிந்ததும் கருவியின் திரையில் மில்லி கிரே கணக்கில் ஓர் எண் தோன்றும். "அதுதானே விடை?" என்று நீங்கள் கேட்கலாம். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த எண் நோயாளியுடையதே அல்ல. ஒரு பிளாஸ்டிக் உருளையுடையது!

அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் இரண்டு உருளைகள் செய்து வைத்திருக்கிறார்கள். 16 சென்டிமீட்டர் விட்டமுள்ளது தலைக்கு. 32 சென்டிமீட்டர் விட்டமுள்ளது உடலுக்கு. நடுவில் ஒரு துளை, ஓரத்தில் நான்கு துளைகள். பென்சில் போன்ற கதிர் அளவியைத் துளைகளில் மாறி மாறிச் செருகி, உருளையை ஸ்கேன் செய்து அளப்பார்கள். பெரிய உருளையின் நடுவில் கிடைக்கும் அளவு, ஓரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். சிறிய உருளையில் நடுவும் ஓரமும் கிட்டத்தட்டச் சமம். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

உருளை எண்ணால் பயன் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட அது மிகவும் தேவை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகர மருத்துவமனை ஒன்றில், மூளை இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன் தவறான அமைப்பில் சுமார் 18 மாதங்கள் எடுக்கப்பட்டது 2009இல் தெரியவந்தது. அதிகபட்சம் 0.5 கிரே இருக்க வேண்டிய இடத்தில் 206 நோயாளிகள் 3 முதல் 4 கிரே வரை பெற்றிருந்தார்கள். சிலருக்குத் தலைமுடி கொட்டியது. திரையில் வந்த எண்ணை யாராவது ஒருவர் நின்று பார்த்திருந்தால் அவ்வளவு நாள் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது.

இருந்தாலும் உருளைக்குக் கல்லீரல் கிடையாது, எலும்பு கிடையாது, காற்று நிறைந்த நுரையீரலும் கிடையாது. மனிதருக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வேறு வழி வேண்டும்.

சீட்டாட்டத்தில் பிறந்த கணக்கு

1946ஆம் ஆண்டு. போலந்திலிருந்து வந்து அமெரிக்காவில் பணியாற்றிய உலாம் என்ற கணித அறிஞர் மூளை அழற்சி நோயிலிருந்து மெல்லத் தேறி வந்தார். பொழுது போகாமல், தனியாக ஒருவரே ஆடும் சீட்டாட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்; சீட்டுகள் விழும் வகைகள் எண்ணில் அடங்கவில்லை. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிட்டால் போகிறது!

சோம்பேறித்தனம் போல இருக்கிறதா? ஆனால் அதே யோசனையை பொருளுக்குள் அலையும் நியூட்ரான்களுக்கும் பயன்படுத்தலாம் என்பதை உலாமும் அவருடைய நண்பர் வான் நியூமனும் உணர்ந்தார்கள். லாஸ் அலமாஸில் அணு ஆயுத ஆராய்ச்சி நடந்த காலம் அது. 1948இல் எனியாக் என்னும் பழைய, பூதாகரமான கணிப்பொறியில் அந்தக் கணக்கை ஓட்டினார்கள். உலாமின் சித்தப்பா ஒருவர் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதிக்குப் போகக் கடன் வாங்குவாராம். அதை நினைவில் வைத்து மெட்ரோபொலிஸ் என்ற மற்றொரு விஞ்ஞானி இந்த முறைக்கு 'மாண்டி கார்லோ முறை' என்று பெயர் வைத்தார். குண்டு செய்யப் பிறந்த கணக்கு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கதை இது.

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு காசு, தாள், பென்சில் போதும். எக்ஸ்-கதிர் ஃபோட்டான் எனப்படும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. சி.டி. கருவியில் வரும் ஃபோட்டானின் ஆற்றல் சுமாராக 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இத்தகைய ஃபோட்டான்களில் பாதி, 3.4 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் ஏதாவது ஓர் அணுவோடு மோதிவிடும். நம் உடலின் மென்திசுக்களும் பெரும்பாலும் தண்ணீர்தானே! ஆகவே தாளில் நான்கு பட்டைகள் வரையுங்கள். ஒவ்வொன்றும் 3.4 சென்டிமீட்டர் தடிப்புள்ள தண்ணீர் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்களிடம் 64 ஃபோட்டான்கள். ஒவ்வொன்றுக்கும் காசைச் சுண்டுங்கள். பூவா, தலையா? தலை விழுந்தால் ஃபோட்டான் அடுத்த பட்டைக்குப் போகலாம். பூ விழுந்தால் அங்கேயே மோதிவிட்டது. அந்தப் பட்டையில் ஒரு புள்ளி வையுங்கள்.

கணக்குப்படி முதல் பட்டையில் 32 புள்ளிகள், அடுத்து 16, பிறகு 8, பிறகு 4. மீதி 4 ஃபோட்டான்கள் வெளியே வர வேண்டும். உங்களுக்கு அப்படியே வராது. உங்களுக்கு 2 வெளியே வரலாம், உங்கள் நண்பருக்கு 6 வரலாம். வகுப்பில் நாற்பது பேர் சுண்டி எல்லாவற்றையும் கூட்டினால்? சராசரி 4ஐ நெருங்கிவிடும். இதில் ஒரு விதி இருக்கிறது. நூறு நிகழ்ச்சிகளை எண்ணினால் பிழை சுமார் 10 விழுக்காடு. பத்தாயிரம் எண்ணினால் 1 விழுக்காடு. பத்து லட்சம் எண்ணினால் 0.1 விழுக்காடு. நூறு மடங்கு உழைத்தால் பத்து மடங்கு துல்லியம். கொஞ்சம் கடுமையான கூலிதான்! ஆனால் கணிப்பொறிக்குக் கை வலிக்காது.

காசு விளையாட்டில் மோதியதோடு கதை முடிந்தது. உண்மையில் அப்படி முடிவதில்லை. நீரில் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் நூறு முறை மோதினால், ஏறத்தாழ 86 முறை ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டு, தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அதற்குக் கொடுத்துவிட்டு, வேறு திசையில் ஓடிவிடும். இதுதான் காம்ப்டன் சிதறல். சுமார் 10 முறை ஆற்றலைக் கொடுக்காமலே திசையை மட்டும் மாற்றிக் கொள்ளும். மீதி 4 முறைதான் அணு அதை முழுதாக விழுங்கும். எலும்பில் கால்சியம் இருப்பதால் அங்கே விழுங்கப்படுவது இன்னும் அதிகம். ஆகவே மார்பில் நுழைந்த ஃபோட்டான் சிதறிச் சிதறிக் கதிர் நேரடியாகப் படாத வயிற்றுக்கும் போகலாம், கழுத்துக்கும் போகலாம். இதை ஒரே சூத்திரத்தில் அடக்க முடியாது. உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

கணிப்பொறி தாயக்கட்டைக்குப் பதிலாக 0க்கும் 1க்கும் இடையே ஒழுங்கில்லாத எண்களை உண்டாக்கிக் கொள்கிறது. முதல் எண், ஃபோட்டான் எந்தத் திசையில் கிளம்புகிறது என்று சொல்லும். அடுத்தது, எவ்வளவு தூரம் போய் மோதுகிறது என்று சொல்லும். அதற்கடுத்த எண் 0.86க்குக் கீழே இருந்தால் காம்ப்டன் சிதறல், 0.86க்கும் 0.96க்கும் இடையே என்றால் திசைமாற்றம் மட்டும். அதற்கு மேல் என்றால் விழுங்கப்பட்டது. பிறகு புதிய திசைக்கு ஓர் உருட்டல். இப்படியே ஃபோட்டான் உடலை விட்டு வெளியேறும் வரை அல்லது ஆற்றல் தீரும் வரை ஆட்டம் நடக்கும். வழியில் எந்த உறுப்பில் எவ்வளவு ஆற்றலை விட்டது என்று கணிப்பொறி குறித்துக்கொண்டே வரும். பிறகு அடுத்த ஃபோட்டான். கடைசியில், ஓர் உறுப்பில் சேர்ந்த ஆற்றலை அதன் எடையால் வகுத்தால் கிரே!

50 மில்லி கிரே கிடைக்கும் ஸ்கேனில் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள் பாய்கின்றன. அத்தனையையும் பின்தொடர வேண்டியதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே ஒரு சோறு போதாது. சில கோடிச் சோறு பதம் பார்ப்பார்கள். கருவி உண்மையில் எத்தனை ஃபோட்டான்களை வெளியிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நம் பழைய அக்ரிலிக் உருளை! அதே உருளையைக் கணிப்பொறிக்குள்ளும் வரைந்து தாயம் உருட்டுவார்கள். அளந்த எண்ணையும் உருட்டி வந்த எண்ணையும் ஒப்பிட்டால், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கணிப்பொறிக்குள் படுத்திருக்கும் மனிதர்

சரி, தாயம் உருட்ட ஓர் உடல் வேண்டுமே? 1960களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஃபிஷர், ஸ்னைடர் என்ற இருவர் அதைச் சமன்பாடுகளால் கட்டினார்கள். உடல் ஒரு நீள்வட்ட உருளை. கால்கள் நுனி வெட்டிய கூம்புகள். சிறுநீரகம் ஒரு பக்கம் சீவிய முட்டை. கொலு பொம்மைக்குக்கூட இதைவிட நல்ல முகம் இருக்கும்! ஆனாலும் பிரிட்டனின் தேசியக் கதிரியக்கப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய கணித பொம்மையைக் கொண்டே, எந்த இடத்தில் ஸ்கேன் எடுத்தால் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்ற பட்டியலை 1991இல் வெளியிட்டது. பல ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவ இயற்பியலாளர்கள் அதைப் புரட்டிக் கொண்டிருந்தார்கள்.

நல்ல பொம்மை எங்கிருந்து வந்தது தெரியுமா? சி.டி. ஸ்கேனிலிருந்தே வந்தது. ஜெர்மனியில் லூக்கீமியா நோயாளி ஒருவருக்குச் சிகிச்சைக்காக உடல் முழுவதும் எடுத்த ஸ்கேன் படங்களில், எது கல்லீரல், எது மண்ணீரல் என்று புள்ளி புள்ளியாகக் குறித்து ஒரு மாதிரி உடலைக் கட்டினார்கள். அதைச் சீர்செய்து, 176 சென்டிமீட்டர் உயரமும் 73 கிலோகிராம் எடையும் உள்ள ஆணாக மாற்றி, பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வெளியிட்டது. அவர் உடலில் சுமார் 19 லட்சம் சின்னஞ்சிறு செங்கற்கள்; ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம், 8 மில்லிமீட்டர் உயரம். கூடவே 163 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணும் உண்டு. அவருக்குச் செங்கற்கள் இன்னும் பொடி. சுமார் 39 லட்சம். பிறந்த குழந்தை, 1 வயது, 5 வயது, 10 வயது, 15 வயது என்று சிறுவர் சிறுமியரின் மாதிரிகள் 2020இல் வந்து சேர்ந்தன.

இதெல்லாம் வெறும் பாவனைதானே, நம்பலாமா என்று சந்தேகப்படுவது நல்லதே. அதற்கும் சோதனை உண்டு. மனித உருவில் செய்த பிளாஸ்டிக் பொம்மையைப் பலகை பலகையாக வெட்டி, துளைகளில் லித்தியம் ஃபுளூரைடு வில்லைகளை வைத்து ஸ்கேன் செய்கிறார்கள். கதிர் பட்ட வில்லையைச் சூடாக்கினால் ஒளிரும். ஒளி எவ்வளவோ கதிர் அவ்வளவு. இந்த அளவோடு கணிப்பொறியின் விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அதை நம்புகிறார்கள்.

சின்ன உடல், பெரிய பங்கு

உருளைகளில் பார்த்த வேறுபாட்டை நினைவில் வைத்திருக்கிறீர்களா? தடித்த உடலில், வெளிப்புறத் திசுக்கள் கதிரைத் தடுத்து நடுவில் உள்ளவற்றைக் காக்கின்றன. மெலிந்த குழந்தைக்கு அந்தக் கவசம் இல்லை. பெரியவருக்கு வைத்த அதே அமைப்பில் சிறு குழந்தையின் வயிற்றை ஸ்கேன் செய்தால், பெரிய உருளைக்கான எண் திரையில் மாறாமல் நிற்கும். குழந்தையின் உறுப்புகளோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெறும்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் பல இடங்களில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கான அமைப்பிலேயே ஸ்கேன் எடுக்கப்படுகிறது என்று 2001இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. அந்த ஆண்டே அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், குழந்தையின் உடலுக்கு ஏற்பக் கதிரைக் குறையுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. உடலின் பருமனுக்கு ஏற்பத் திரை எண்ணைத் திருத்தும் பட்டியலும் 2011இல் வந்தது. நான்கு குழுக்களின் முடிவுகளைச் சேர்த்துச் செய்த பட்டியல் அது. இரண்டு குழுக்கள் அளந்தன, இரண்டு குழுக்கள் தாயம் உருட்டின.

பிரிட்டனில் இன்னும் பெரிய வேலை நடந்தது. 1985 முதல் 2002 வரை, 22 வயதுக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்ட சுமார் 1,80,000 பேரின் பதிவேடுகளைத் திரட்டினார்கள். அன்று அவர்களில் எவருடைய எலும்பு மச்சையையும் மூளையையும் யாரும் அளக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தபின், அந்தக் காலக் கருவிகளின் அமைப்புகளையும் வயதுக்கேற்ற மாதிரி உடல்களையும் கணிப்பொறியில் இட்டு, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போயிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று. எலும்பு மச்சைக்குச் சுமார் 50 மில்லி கிரே சேர்ந்தவர்களுக்கு லூக்கீமியா வரும் வாய்ப்பும், மூளைக்குச் சுமார் 60 மில்லி கிரே சேர்ந்தவர்களுக்கு மூளைக் கட்டி வரும் வாய்ப்பும் மிகக் குறைவாகப் பெற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டு மூன்று தலை ஸ்கேன்களில் மூளைக்கு அந்த அளவு சேர்ந்துவிடும்.

மூன்று மடங்கு என்றதும் திகைக்காதீர்கள். எதன் மூன்று மடங்கு என்று பார்க்க வேண்டும். இந்த நோய்கள் சிறுவர்களுக்கு அரிதானவை. பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் பேருக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு லூக்கீமியாவும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்பதே அந்த ஆய்வாளர்களின் கணக்கு. அடிபட்ட பிள்ளையின் மண்டைக்குள் இரத்தம் கசிகிறதா என்பதை உடனே அறிவதற்கு முன் இது மிகச் சிறிய ஆபத்து. வெறும் சந்தேகத்துக்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதென்றால் அதே ஆபத்து சிறியதல்ல.

இனி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பத்து வயது மாதிரி உடல் தயாராக இருக்கிறது. மருத்துவமனையின் இயற்பியலாளர் கருவியின் அமைப்புகளையும், ஸ்கேன் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிந்தது என்பதையும் கொடுத்தால், மூளைக்கு இவ்வளவு, கண்ணின் வில்லைக்கு இவ்வளவு, தைராய்டுக்குச் சிதறிப் போனது இவ்வளவு என்று விடை வந்துவிடும். தலையைச் சற்றுச் சாய்த்து வைத்துக் கண்ணை நேர்க் கதிரிலிருந்து விலக்கினால் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதையும் உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். மாதிரிக்குப் பதிலாக அவனுடைய ஸ்கேன் படத்தையே உடலாக வைத்துக் கணக்கிடவும் முயல்கிறார்கள். கணிப்பொறி விளையாட்டுகளுக்காகச் செய்த வேகமான சில்லுகள் இந்தத் தாயத்தைச் சில நிமிடங்களில் ஆடி முடித்துவிடுகின்றன. ஆனால் படத்தில் இருப்பது அவன் தலை மட்டுமே. கழுத்துக்குக் கீழே சிதறிச் சென்ற ஃபோட்டான்களைப் பின்தொடர வேண்டுமானால், வேறொரு மாதிரி உடலைத்தான் அங்கே ஒட்டவைக்க வேண்டும். ஆகையால் அம்மாவுக்குக் கிடைக்கும் விடை, "சுமார் இத்தனை மில்லி கிரே, சற்றுக் கூடலாம், சற்றுக் குறையலாம்" என்றுதான் இருக்கும்.